ஷுலான் செய்த சத்தப் பெட்டி

எங்கள் குடியிருப்பில் சத்தத்துக்காக அடித்துக்கொண்ட அளவுக்குச் சொத்துக்காகக்கூட யாரும் அடித்துக்கொண்டதில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்கப் போன ஒருத்தியின் கதை இது. பெயர் மியாவ் ஷுலான். இரண்டாவது கட்டடம், மூன்றாம் மாடி. அவளுக்கு நேர் கீழ் வீடு என்னுடையது. அவள் வீட்டு நாற்காலி நகர்வதும், அவள் மாமியார் இருமுவதும் என் தலைக்கு மேல்தான் கேட்கும். அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நேரில் வந்து சொல்லட்டும்.

நாங்கள் எல்லோரும் சீனாவின் யிபின் நகரத்து ரேடியோ தொழிற்சாலை ஆட்கள். நான் அங்கே உணவுக்கூடத்தில் சமைத்தேன். அப்பா ஓய்வு பெற்றால் அவர் இடத்தில் பிள்ளை சேர்வது அந்தக் காலத்து வழக்கம். அப்படித்தான் பதினெட்டு வயதில் ஷுலான் உள்ளே வந்தாள். ஒலிபெருக்கி சோதிக்கும் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஒரே பாட்டை நாள் முழுக்க ஓடவிட்டு, எந்த ஒலிபெருக்கி கரகரக்கிறது என்று காதால் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் பாட்டு என்று இன்றுவரை சொல்ல மாட்டாள். கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள்.

போலின் என்றொருத்தனை அங்கேதான் பிடித்தாள். அவன் ஒலிபரப்பு அறையில் இருந்தான். குடியிருப்பில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். விடிந்ததும் அணிவகுப்புப் பாட்டு, பிறகு செய்தி, பிறகு உடற்பயிற்சிக்கு ஒன்று இரண்டு எண்ணிக்கை. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சாவு என்றெல்லாம் அந்தக் குழாய்க்குத் தெரியாது. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த ஒரே குமிழ் போலின் மேசையில்தான் இருந்தது. "மேலிருந்து சொன்னதைத்தான் திருப்புறேன்" என்பான். பாதி ஊர் அவனைத் திட்டியது, ஷுலான் மட்டும் கல்யாணம் செய்துகொண்டாள்.

தொழிற்சாலையை மூடினார்கள். ஷுலான் படகுத்துறைப் பக்கம் தள்ளுவண்டியில் குளிர்ந்த நூடுல்ஸ் விற்றாள். வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்து வீடுகளில் கெட்டுப்போன அரிசிக் குக்கர், மின்விசிறி எல்லாம் அவள் கைக்காகக் காத்திருக்கும். போலினுக்கு ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது, பிறகு ஓய்வூதியம். அதன் பிறகு அவன் அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். கிழவியை ஷுலான் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். புரட்டிப் போடுவது, துடைப்பது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் ஷுலான்.

இதில் போலினுக்கு நல்ல புருஷன் என்று பெயர். எங்கள் ஊர் ஆண்களுக்குப் பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று சொல்லிக்கொள்வது ஒரு பெருமை. போலின் சமைப்பான். சந்தையில் பெண்டாட்டி கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பான். தேநீர்க் கடையில் யாராவது சீட்டாடக் கூப்பிட்டால், "வீட்டுல கேக்கணும்" என்று தலையைச் சொறிவான். பார்த்தவர்களுக்கெல்லாம் மனம் உருகும். ஆனால் பெற்ற அம்மாவின் அழுக்குத் துணியை அவன் தொட மாட்டான். "அம்மா உடம்பை மகன் பாக்கக் கூடாது" என்பான். இந்தச் சட்டத்தை எந்த அரசாங்கம் போட்டது என்று நான் ஒருமுறை கேட்டேன். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விட்டான்.

ஒருநாள் ஷுலான் சாப்பாட்டு மேசையில் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னாளாம்: "ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ஒரு மணி நேரம் என்னுது. அந்த நேரத்துல வீடு இடிஞ்சு விழுந்தாலும் என்னைக் கூப்பிடாத. உங்க அம்மாவ நீ பாத்துக்கோ." அவன் தலையாட்டினான். அன்றிலிருந்து அவள் கீழே சதுக்கத்துக்கு வந்து, ராத்திரிதோறும் பாட்டுப் போட்டு வரிசையாக ஆடும் எங்கள் பெண்கள் கூட்டத்தோடு ஆடினாள்.

நன்றாக ஆடினாள் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் எல்லோரும் வலது பக்கம் திரும்பும்போது அவள் இடது பக்கம் திரும்பி என் மூக்கில் இடிப்பாள். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வியர்வை வழிய, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லாத ஒரு பெண். மற்ற நேரமெல்லாம் அவள் அந்தக் கட்டிலுக்குச் சொந்தம். இந்த ஒரு மணி நேரம்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் ஆட்டத்துக்குத் தலைவி தௌ அக்கா. அவள் வாங்கி வந்த ஒலிபெருக்கி ஆள் இடுப்பு உயரம். பாட்டைப் போட்டால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். முதல் மாடியில் லுவோ என்று ஒரு பேருந்து ஓட்டுநர், விடியுமுன் எழுந்து போகிறவன். அவனுக்கு மேலே பெரிய பரீட்சைக்குப் படிக்கிற பையன் உள்ள வீடு. அவர்கள் கெஞ்சினார்கள். தௌ அக்கா, "பத்து அடி தள்ளி வச்சுக்கறோம்" என்றாள், இரண்டு அடி தள்ளி வைத்தாள். லுவோ ஒருநாள் தரை துடைத்த தண்ணீரை வாளியோடு ஜன்னல் வழியே கவிழ்த்தான். முன்வரிசையில் நான் நின்றேன். வாசனையை இன்னும் மறக்கவில்லை.

"அடே லுவோ! உன் பேருந்து நடு ரோட்டுல நிக்கட்டும்!" என்று கத்தினேன்.

"நின்னா தூங்கிக்கறேன் அக்கா! வேற எங்க தூங்க விடுறீங்க?" என்று மேலிருந்து பதில் வந்தது.

குடியிருப்பு அலுவலகத்திலிருந்து பெங் என்ற இளைஞன் வந்தான். நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சதுக்கத்தில் இனிப் பாட்டே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனான். நாங்கள் அவன் அம்மாவரை இழுத்துத் திட்டினோம். ஷுலான் மட்டும் திட்டவில்லை. அன்றே பழைய சாமான் சந்தைக்குப் போய்விட்டாள்.

"அப்பல்லாம் ஒருத்தன் கையில குமிழ் இருந்துச்சு, நம்ம எல்லாரும் கேட்டோம். இப்ப தௌ அக்கா கையில இருக்கு, லுவோ கேக்குறான். ஆளுக்கு ஒண்ணு இருந்தா என்ன?" என்றாள் என்னிடம்.

சதுக்கத்தைப் பார்த்து ஜன்னல் வைத்த வீடுகள் ஒன்பது. அதில் ஐந்து வீட்டிலிருந்து ஆட வருகிறோம்: ஷுலான், நான், தௌ அக்கா, இன்னும் இருவர். ஆடாத வீடு நான்கு. ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது குமிழ் வைத்து ஒரு பெட்டி செய்தாள். ஒன்பது பேரும் எவ்வளவு சத்தம் வேண்டும் என்று திருப்பலாம். சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தினால் நடுவில் எது நிற்கிறதோ, பெட்டி அந்த அளவுக்குத்தான் ஒலிபெருக்கியைப் பாட விடும். ஒருத்தர் தலைகீழாக நின்றாலும் மொத்தத்தையும் கெடுக்க முடியாது. கேட்டதும் பெங்குக்குப் பிடித்துப்போனது. காவலாளி அறைச் சுவரில் பெட்டியை மாட்டினார்கள்.

முதல் நாள் கூத்தைச் சொல்ல வேண்டும். ஒன்பது வீட்டுக்காரர்களும் சுவர் முன்னால் வந்து நின்றார்கள். எங்கள் ஊரில் சாப்பாட்டுக் கடையில் பில்லைக் கொடுக்க நான் நீ என்று சட்டைக் கையைப் பிடித்து இழுப்போமே, அதுதான் நடந்தது.

"நீங்க முதல்ல திருப்புங்க அக்கா."

"ஐயோ, தம்பி வேலைக்குப் போறவன், தம்பி முதல்ல."

"எனக்கு ஒண்ணுமில்ல அக்கா. பாட்டு எனக்கும் பிடிக்கும்." இப்படிச் சொன்னது லுவோ. வாளித் தண்ணீர் ஊற்றிய அதே லுவோ. எல்லோர் கண் முன்னாலும் குமிழை நல்ல உயரத்துக்குத் திருப்பினான். பரீட்சைப் பையனின் அப்பா அவனுக்குத் தான் குறைந்தவனா என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினார். நேருக்கு நேர் நின்று ஒருத்தர் பாட்டைக் குறைப்பதும், அவர் முகத்தில் அறைவதும் எங்களுக்கு ஒன்றுதான். ஆக, சண்டையைத் தீர்க்க வந்த பெட்டி முன்பைவிடப் பெரிய சத்தத்தைக் கொடுத்தது. ஒரு வாரம் எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். எட்டாம் நாள் யாரோ ஒலிபெருக்கி மேல் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினார்கள்.

ஷுலான் ஒலிபெருக்கியைத் துடைத்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம ஜனங்களத் தெரிஞ்சும் இப்படிச் செஞ்சேனே! கண்ணுல படுற மாதிரி வச்சா யாரு உண்மையத் திருப்புவா?"

மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை குமிழ்களை வீட்டுக்குள் கொண்டுபோனாள். மழைநீர்க் குழாயை ஒட்டிக் கம்பி இழுத்து, ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஒரு குமிழைப் பொருத்தினாள். பெட்டிக்குள் வீட்டுக்கு ஒரு முள், யார் எவ்வளவு திருப்பியிருக்கிறார்கள் என்று காட்ட. பழுது பார்க்க அது வேண்டும். ஆனால் பெட்டியை மூடி, மூடியின் மேல் காகிதம் ஒட்டி, "இதை யாரும் திறக்கமாட்டோம், நானும் திறக்கமாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

அது வேலை செய்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக வேலை செய்தது. சத்தம் ஆடப் போதுமான அளவுக்கு இறங்கி நின்றது. ஜன்னல் நடுங்கவில்லை. லுவோ ஷுலானுக்குப் பம்ப்ளிமாஸ் பழம் கொண்டுவந்து கொடுத்தான். போலின் தேநீர்க் கடையில் மார்தட்டினான்: "என் பொண்டாட்டி மூளை! நான் வெறும் சமையல்காரன்!" ஷுலான் இரண்டு மாதம் நிம்மதியாக ஆடினாள், என் மூக்கில் இடித்தாள்.

குளிர் தொடங்கியபோது ஒருநாள், ஆட்டம் பாதியில் இருக்கும்போது பாட்டு கொசு முனகல் மாதிரி இறங்கிவிட்டது. காத்திருந்தோம், ஏறவில்லை. கலைந்து வீட்டுக்குப் போனோம். மறுநாள் சரியாக இருந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி இறங்கியது. பெட்டி கெட்டுவிட்டதா என்று ஷுலானைக் கேட்டோம்.

"பெட்டி சரியாத்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

கணக்கு எங்களுக்கும் தெரியும். ஆடுகிற வீடு ஐந்து, ஆடாத வீடு நான்கு. ஐந்தும் சேர்ந்து நின்றால் நடுமுள் எங்கள் பக்கம்தான். சத்தம் இறங்கினால், ஐந்தில் ஒரு வீட்டில் யாரோ காலை வாருகிறார்கள். இது தெரிந்த பிறகு எங்கள் வரிசை வரிசையாகவே இல்லை. ஒருத்தி சிரித்தால் மற்றவள் ஏன் சிரிக்கிறாள் என்று பார்த்தாள். கடைசியில் எல்லோர் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது. தௌ அக்காவின் மருமகள் ஜியாலி. கைக்குழந்தைக்காரி, வெளியூர்ப் பெண். நாங்கள் ஆடும்போது வீட்டில் இருக்கிறவள்.

தௌ அக்காவுக்கு வேறு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. "என் சோத்தத் தின்னுட்டு என் பாட்ட நெறிக்கிறா" என்று சதுக்கத்தில் நின்றே சொன்னாள். காய்கறிக்காரன்கூட ஜியாலியைப் பார்த்து, "என்னம்மா, குமிழ் எப்படி இருக்கு?" என்று கேலி பேசினான். ஒருநாள் அவள் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. புருஷன் அடித்தான் என்றார்கள்.

அந்த வாரம் பாட்டு மறுபடி இறங்கியது. நாங்கள் நின்றோம். அப்போது ஜியாலி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தாள். பெங் அன்று எங்கள் ஆட்டத்தைப் படம் எடுக்க வந்திருந்தான்.

"பெட்டியத் திறங்க! இப்பவே திறங்க!" என்று கத்தினாள். "என் வீட்டு முள்ள எல்லாரும் பாருங்க. அப்புறம் என் மேல துப்புங்க!"

"திறக்கக் கூடாதுன்னு பேச்சும்மா" என்று பெங் இழுத்தான்.

"உங்க பேச்சுக்கு நான் எதுக்கு அடி வாங்கணும்?" என்றாள். இதை அவள் பெங்கைப் பார்த்துக் கேட்கவில்லை, ஷுலானைப் பார்த்துக் கேட்டாள்.

ஷுலான் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு யாரிடமும் எதுவும் கேட்காமல் காவலாளி அறைக்குப் போய், தான் ஒட்டிய காகிதத்தைத் தானே கிழித்து, மூடியைக் கழற்றினாள்.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஜியாலி வீட்டு முள் உச்சியில் நின்றது. எங்கள் எல்லோரையும்விட மேலே. பாவம், பயத்திலேயே முழுக்கத் திருப்பி வைத்திருக்கிறாள். என் வீட்டு முள் மேலே. மற்ற இருவர் முள்ளும் மேலே. ஆடாத வீட்டு முட்கள் நான்கும் கீழே, ஆனால் அவர்கள்கூடக் கொஞ்சம் விட்டுவைத்திருந்தார்கள். அடியோடு அடியாக, பூஜ்யத்தில் கிடந்தது ஒரே ஒரு முள். அதன் கீழே ஷுலானின் வீட்டு எண்.

அப்போதுதான் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போலின் வந்தான்.

"ஷுலான், பாட்டு நின்னுடுச்சா?" என்றான் சதுக்கத்தைப் பார்த்தபடி. "நல்லதாப் போச்சு, மேல வா. அம்மா எல்லாத்தையும் நனைச்சு வச்சிருக்காங்க."

பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தான், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான். அவன் காது சிவந்தது. அவன் பெண்டாட்டியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றாள் ஷுலான். "கீழ வரும்போதே நான்தான் திருப்பி வச்சுட்டு வந்தேன்."

"பொய்!" என்றேன் நான். "முதல் ரெண்டு பாட்டும் சரியாத்தானே கேட்டுச்சு? நீ என் பக்கத்துல ஆடிக்கிட்டு..." அவள் என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். சதை பிய்ந்துவிடும் போலிருந்தது. நான் நிறுத்தவில்லை, "இவ எங்கூடத்தான்யா இருந்தா!" என்று இன்னொரு முறை கத்தினேன். ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. உண்மை அங்கிருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நல்ல புருஷன் என்று ஊரே சொன்ன ஒருத்தனை நடுச் சதுக்கத்தில் தலைகுனிய வைக்க யாருக்கும் மனமில்லை. அவளே வந்து பழியை ஏற்றுக்கொண்டது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

போலினுக்கும்தான். அவன் இரண்டு தரம் கனைத்துக்கொண்டான்.

"ஆமா" என்றான். "இவளுக்குக் கொஞ்ச நாளா மூட்டு வலி. ஆட முடியல. உங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. நான் சொல்லி வைக்கிறேன்."

சொல்லி வைக்கிறானாம்! எனக்குக் கை பரபரத்தது. தௌ அக்கா, "அட, வலின்னா சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு என் மருமகள அடி வாங்க வச்சே?" என்று ஷுலானைக் கடிந்துகொண்டாள். ஜியாலி மட்டும் அழுதுகொண்டே ஷுலானைத் தலை தாழ்த்தி வணங்கினாள். ஷுலான் புருஷனுக்கு முன்னால் படியேறிப் போனாள். அவளுக்குத் துணி மாற்றுகிற வேலை இருந்தது.

நான்கு நாள் கழித்து அவளை மாடிப்படியில் மடக்கினேன். "உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டாவது தடவையே தெரியும்" என்றாள். "அவங்கம்மாவுக்கு வயிறு சரியில்லாத நாள்லதான் பாட்டு இறங்குச்சு. ஆட்டம் கலைஞ்சா நான் மேல வந்துடுவேன்ல."

"தெரிஞ்சும் எதுக்குடி பழிய வாங்கிக்கிட்டே?"

"அந்தப் பொண்ணு மேல இருந்த பழி போகணும். அது போயிடுச்சு." நனைந்த துணி மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அவரு தலைய அங்க குனிய வச்சிருந்தா, அப்புறம் அந்த வீட்டுலதானே நான் படுக்கணும்? இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"ஆட வா. நான் பாத்துக்கறேன்."

"எப்படி வர்றது? எனக்குத்தான் மூட்டு வலியாச்சே" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. என்னைத் தாண்டி மேலே போனாள்.

பெட்டி இன்னும் இருக்கிறது. திறந்த மூடியை யாரும் திரும்பப் போடவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் முள்ளைப் பார்க்கிறார்கள், அதனால் லுவோவும் பரீட்சை வீட்டுக்காரரும் மறுபடி மரியாதையாகக் குமிழை ஏற்றி வைத்துவிட்டார்கள். ஜன்னல் பழையபடி நடுங்குகிறது. அமைதியான குடியிருப்பு என்று அலுவலகத்திலிருந்து ஒரு பட்டயம் கொடுத்தார்கள். படம் எடுக்கும்போது பெட்டிக்குப் பக்கத்தில் போலினை நிற்கச் சொன்னார்கள், நின்றான்.

ஒன்பது முட்களில் இப்போது எல்லாவற்றையும்விட உயரத்தில் நிற்பது அவன் வீட்டு முள்தான். பெண்டாட்டியால் ஆட முடியாவிட்டாலும் மற்றவர்கள் ஆடட்டும் என்று நினைக்கிற மனுஷன், அவனைப் போல வருமா என்று தௌ அக்கா எல்லோரிடமும் சொல்கிறாள். சாப்பாடு முடிந்ததும் அவன் தேநீர்க் கடைக்குச் சீட்டாடப் போய்விடுகிறான். வீட்டில் கேட்க வேண்டும் என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை. கீழே நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், மேலே ஷுலான் ஜன்னலைச் சாத்திவிட்டு அவன் அம்மாவைப் புரட்டிப் போடுகிறாள்.